17. ஒரு முகவரி, ஒரு குரல்

"அண்ணனை வாரம் தவறாமல் இப்படி வறுத்தெடுக்கிறீர்களே, அவனும் குடும்பத்துக்காகத்தானே ஓடுகிறான்?" என்று இரண்டு வாசகிகள் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஓடட்டும், யார் வேண்டாம் என்றது? யார் காலை மிதித்துக்கொண்டு ஓடுகிறான் என்பதைத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த வாரத்தைப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அப்போதும் அவன் பக்கம் பேசினால் உங்கள் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

போன வாரம், அண்ணியின் போனைப் பிடுங்கிக்கொண்டு அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதோடு விட்டிருந்தோம். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஒரே வீட்டில் மூன்று பேர். அண்ணன், அவன் மனைவியான அண்ணி, அவனுடைய தங்கை. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே கம்பெனியில் வேலை. இன்டர்நெட் வழியாக முகம் பார்த்துப் பேசுகிற ஆப் ஒன்றைத் தங்கையைப் போன்றவர்கள் செய்கிறார்கள். அண்ணனைப் போன்றவர்கள் விற்கிறார்கள். ஆபீசில் அவனுக்கு ‘மைக்’ என்று பட்டப்பெயர். கையில் கிடைத்தால் திருப்பிக் கொடுக்க மாட்டான். அண்ணி ஆம்புலன்சில் நர்ஸ், ஏழாம் நம்பர் வண்டி.

ஊரில் ஓடுகிற நாற்பது ஆம்புலன்சுகளுக்கும் இந்த ஆப்பை விற்க அண்ணன் ஆறு மாதமாக அலைகிறான். வண்டியில் ஏற்றிய நோயாளியை நர்ஸ் போனில் காட்டுவாள். ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் பார்த்துவிட்டு, இந்த ஊசியைப் போடு, அதைத் தொடாதே என்று வழி சொல்லுவார். இப்போதும் அதற்கு ஒரு பழைய டெலிபோன் லைன் இருக்கிறது. முகம் தெரியாது, கரகரவென்று இருக்கும், ஆனால் அறுந்துபோகாது. இன்று கையெழுத்தானால் திங்கட்கிழமையிலிருந்து அந்த லைன் கிடையாது. அது அண்ணன் போட்ட நிபந்தனை. "பழசும் இருந்தா நம்மளதை எவன் தொடுவான்?" என்பது அவனுடைய வியாபார ஞானம்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். வண்டி நகர்ந்தால் அழைப்பு அறுந்துவிடும்.

ஆம்புலன்ஸ் என்பது நகர்வதற்காகச் செய்த பொருள் என்று விற்கிற பக்கத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

விஷயம் இதுதான். போன் எந்த நெட்வொர்க்கில் இருக்கிறதோ அந்த நெட்வொர்க் அதற்கு ஒரு முகவரி கொடுக்கும். ஆஸ்பத்திரி வைஃபையில் இருக்கும்போது ஒன்று. வண்டி கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்து, வைஃபை போய் மொபைல் சிக்னல் வந்தால் இன்னொன்று. சுரங்கப் பாதைக்குள் சிக்னல் போய்த் திரும்பினால் வேறொன்று. கையோடு எடுத்துக்கொண்டு சுற்றுகிற போனுக்கு முகவரி மாறத்தான் செய்யும். எதிர்ப் பக்கம் இருக்கும் சர்வர் அதைப் புரிந்துகொண்டு, "சரி, ஆசாமி இப்போது இங்கே இருக்கிறார்" என்று குரலையும் படத்தையும் புது முகவரிக்குத் திருப்பிவிட வேண்டும். மற்ற கம்பெனிகள் அப்படித்தான் செய்கின்றன. இந்தக் கம்பெனியின் சர்வர் மட்டும் முகவரி மாறிய நிமிடமே வெட்டிவிடும்.

ஏன்? அண்ணன் ஒரு வாசகம் சொன்னான். அதனால்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மேடையில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஒரு முகவரி, ஒரு குரல்!" என்று முழங்கினான். முதலாளி எழுந்து நின்று கைதட்டினார். பேனர் அடித்தார்கள், காபிக் கோப்பையில் போட்டார்கள். பிறகு ஒரு வாடிக்கையாளர், "அப்படின்னா என்ன சார் அர்த்தம்?" என்று கேட்டுத் தொலைத்தார். அண்ணனுக்கு அர்த்தம் தெரியாது. நின்ற இடத்தில் ஒன்றைத் தயார் செய்தான். "அழைப்பு எந்த முகவரியில ஆரம்பிச்சுதோ, அதே முகவரியிலதான் முடியும் சார். நடுவுல வேற முகவரி வந்தா வேற ஆள் நுழையறான்னு அர்த்தம். உடனே கட் பண்ணிடுவோம். பாதுகாப்பு!"

சொன்ன பொய்யைக் காப்பாற்ற, சர்வரையும் அப்படியே மாற்றி எழுத வைத்தான். ஊரெல்லாம் சர்வரைச் செய்துவிட்டு அதற்கு வாசகம் எழுதுவார்கள். இங்கே வாசகத்துக்கு ஒரு சர்வர் செய்தார்கள்.

தங்கை ஒரு வருடமாகத் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் யாரிடமும் கேட்காமல், தன் மேசைக்குக் கீழே ஒரு பழைய பெட்டியை வைத்து அவளே ஒரு குட்டி சர்வர் செய்தாள். அழைப்பு தொடங்கும்போதே போனுக்கு ஒரு ரகசிய அடையாளம் கொடுத்துவிடும் அந்தப் பெட்டி. முகவரி மாறினால், போன் அந்த அடையாளத்தைக் காட்டி "நான்தான், இடம் மாறிட்டேன்" என்று சொல்லும். பெட்டி சரிபார்த்துவிட்டுத் தொடரும். வேற ஆள் நுழையவும் முடியாது, அழைப்பும் அறுந்துபோகாது. போன வாரம் அண்ணியின் போனில் அதற்கான ஆப்பை ஏற்றினாள். அண்ணி வீட்டிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் நாற்பது நிமிடம் நாத்தனாரோடு பேசிக்கொண்டே போனாள். ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை.

அதை அண்ணன் ஒட்டுக் கேட்டான். போனைப் பிடுங்கினான். கதவைச் சாத்தினான். இவ்வளவுதான் கதை.

*

மறுநாள் காலையில் கதவு திறந்தது. மடிப்புக் கலையாத சட்டையோடு, பல்லெல்லாம் தெரிய வந்து, பிடுங்கிய போனை அண்ணி முன்னால் வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான்.

"ஆட்ட வேண்டாம்," என்றான், ரொட்டியை எடுத்துக்கொண்டே.

அண்ணிக்குப் புரிந்தது. இன்றைய டெமோவுக்கு அவன் முதலில் போட்டிருந்த திட்டம் வேறு. ஏழாம் நம்பர் வண்டியை ஆஸ்பத்திரி முற்றத்திலேயே நிறுத்தி, என்ஜினை மட்டும் ஓடவிட்டு, உள்ளே அண்ணி போனைக் கையில் வைத்துக்கொண்டு லேசாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். படத்தில் பார்க்கிறவர்களுக்கு வண்டி ஓடுகிற மாதிரி இருக்குமாம். மூன்று நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று ஆட்டிப் பழகச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தான். ஒரு பெரிய மனுஷன், மாதம் முழுக்கக் கோட்டும் சூட்டுமாகத் திரிகிறவன், கட்டின மனைவியிடம் கேட்ட உதவி அது.

"நிஜமாவே ஓட்டிக் காட்டறோம்," என்றான். "தங்கச்சி இந்தப் போன்ல போட்டிருக்காளே, அதுவே போதும். அசந்துடுவாங்க."

தங்கை கையில் இருந்த காபியை மேசையில் வைத்தாள்.

"அண்ணா, அது என் மேசைக்குக் கீழே இருக்கிற பொட்டி. மூணு அழைப்புக்கு மேல தாங்காது. திங்கட்கிழமை நாற்பது வண்டியும் பெரிய சர்வருக்குத்தான் போகும். அங்க இன்னும் உன் சட்டம்தான் இருக்கு."

"அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்கறதுக்காக ஏமாத்துவியா?"

"ஏமாத்தறதுன்னு சொல்லாதே. முன்னோட்டம்னு சொல்லு."

"ஆறு வாரம் கொடு. பெரிய சர்வரையே மாத்திக் கொடுத்துடறேன். அதுக்கப்புறம் நீ எங்க வேணாலும் ஓட்டிக் காட்டு."

"ஆறு வாரத்துல வேற கம்பெனிக்காரன் உள்ள புகுந்துடுவான். முதல்ல கையெழுத்து. அப்புறம் நீ ஆற அமர மாத்து, யார் வேணாம்னா?"

"அது வரைக்கும் நடுவுல அறுந்தா?"

"திரும்பக் கூப்பிடட்டும். கை இல்லையா?"

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த நேரத்துல என் கை எங்க இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? யாராவது ஒருத்தர் நெஞ்சு மேல இருக்கும்."

"சாப்பிடற நேரத்துல இதெல்லாம் பேசாதே," என்றான் அண்ணன். முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னொரு ரொட்டியை எடுத்துக்கொண்டான். பிறகு தங்கையைப் பார்த்து, "நீ ஆபீசுக்குப் போய் அந்தப் பொட்டி பக்கத்துலயே உட்காரு. யாராவது காலால இடறிடப் போறாங்க. உன்னோட வேலையைத்தான் இன்னைக்கு ஊருக்கே காட்டப் போறேன், சந்தோஷப்படு," என்றான்.

உபகாரம் செய்கிறவன் முகம்கூட அவ்வளவு பெருமையாக இருக்காது.

அவன் கார் கிளம்பிப் போனது.

"அண்ணி, நான் நடுவுல பிடுங்கிடப் போறேன்," என்றாள் தங்கை.

"எதை?"

"வயரை. வண்டி தெருவுக்கு வந்து, அவன் மைக்கைப் பிடிச்சுட்டு ஜம்பம் அடிக்கற நேரம் பார்த்துப் பிடுங்கிடுவேன். எல்லார் முன்னாடியும் அறுந்து போகட்டும். வேற வழி தெரியலை. நான் எழுதின மெயில் எல்லாம் இவன்கிட்டயே திரும்பி வந்து நிக்குது."

"உன் வேலை போயிடும்."

"போகட்டும்."

அண்ணி தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அவளுக்குப் பயமாக இருந்தது. கோபமும் இருந்தது. எது அதிகம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"போன மாசம் ஒரு குழந்தையைக் கூட்டிட்டு வந்தேன்," என்றாள். "அந்தக் கரகர லைன்ல டாக்டர் ‘விடாதீங்க, விடாதீங்க’ன்னு சொல்லிட்டே வந்தாங்க. அந்தக் குரல் மட்டும் இல்லேன்னா நான் பயத்துல விட்டிருப்பேன். இவர்கிட்ட வந்து சொன்னேன். ‘நல்ல கதை, மேடையில சொல்லலாம்’னார்." தட்டுகளைத் தூக்கிக்கொண்டாள். "பிடுங்கு. நான் பார்த்துக்கறேன்."

*

பதினோரு மணிக்குத் தங்கையின் திரையில் ஆஸ்பத்திரிக் கூட்ட அறை தெரிந்தது. நீள மேசை, பூ வைத்த ஜாடி, சுவரில் ஒரு பெரிய டி.வி. நடுவில் தலைமை டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, அதிகம் பேசாத முகம். அவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு அதிகாரிகள். ஓரத்தில் ஒப்பந்தக் காகிதம், அதன்மேல் ஒரு பேனா. மேசையின் தலைப்பில் அண்ணன். கையில் மைக். நாலு பேர் இருந்த அறையில் எதற்கு மைக் என்று கேட்காதீர்கள்.

பரிசோதனை செய்கிறவள் என்ற முறையில் தங்கையும் அழைப்பில் ஒட்டிக்கொண்டிருந்தாள். தன் குரலை மட்டும் அடைத்து வைத்திருந்தாள். அவளுடைய வலது கை மேசைக்கு அடியில், பெட்டியின் வயர் மேல் இருந்தது.

டி.வி.யில் அண்ணியின் முகம் வந்தது. வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள், காதில் இயர்போன்.

"கிளம்பலாம் சிஸ்டர்!" என்றான் அண்ணன், ஏதோ வழியில் பார்த்த நர்சிடம் பேசுகிற மாதிரி.

வண்டி கேட்டைத் தாண்டியது. தங்கையின் திரையில் ஓரமாக இருந்த எண்வரிசை அழிந்து வேறொரு எண்வரிசை வந்தது. வைஃபை போய் மொபைல் சிக்னல் வந்துவிட்டது. டி.வி.யில் படம் கண் சிமிட்டும் நேரம் நின்று, தொடர்ந்தது.

"பார்த்தீங்களா மேடம்?" அண்ணன் மைக்கை உதட்டில் ஒட்டினான். "கேட்டைத் தாண்டியாச்சு. அறுந்துச்சா? எங்க சர்வர் அறுக்க விடாது. ஒரு முகவரி, ஒரு குரல்!"

முகவரி மாறியதைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறான். அதற்கு விளக்கம், ஒரு முகவரியாம். இந்த மூளையை வைத்துக்கொண்டு இவன் சம்பளம் வாங்குகிறான் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

தங்கை வயரை இறுக்கிப் பிடித்தாள். இன்னும் ஒரு வாக்கியம் அவன் பேசட்டும் என்று காத்திருந்தாள்.

அப்போது வண்டியின் முன் பக்கம் ஒயர்லெஸ் கரகரத்தது. டிரைவர் குரல் கேட்டது.

"சிஸ்டர், மார்க்கெட் பின்னாடி ஒருத்தர் விழுந்து கிடக்காராம். நாமதான் கிட்ட இருக்கோம். என்ன பண்றது, இவங்க டெமோ...?"

"திருப்புங்க," என்றாள் அண்ணி.

"இல்லை இல்லை இல்லை," என்று பதறினான் அண்ணன். "இது டெமோ வண்டி. வேற வண்டியை அனுப்பச் சொல்லுங்க. எங்க ரூட் வேற..."

"நீங்க கொஞ்சம் உட்காருங்க," என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. அண்ணன் உட்கார்ந்தான்.

ஐந்து நிமிடத்தில் வண்டிக்குள் ஒரு ஆளை ஏற்றினார்கள். கட்டடத்துக்கு வர்ணம் அடிக்கிற பெயின்டர். சாரத்துக்கு மேலே இருந்த குளவிக் கூட்டைப் பிரஷ்ஷால் இடித்துவிட்டானாம். முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடிப் போயிருந்தது. சட்டையெல்லாம் நீலப் பெயின்ட். மூச்சு விடும்போது தொண்டையில் விசில் மாதிரி ஒரு சத்தம்.

அண்ணி போனை அவன் முகத்துக்கு நேராகக் கம்பியில் மாட்டினாள்.

"டாக்டர், தொடையில ஊசி போட்டுட்டேன். மூணு நிமிஷம் ஆகுது."

டாக்டரம்மா எழுந்து டி.வி.க்கு அருகில் போய் நின்றார். "நாக்கைக் காட்டுங்க. இன்னும் கிட்ட. சரி. ஆக்சிஜனை முழுசாத் திறங்க. உட்கார வைக்காதீங்க, காலை மட்டும் உயர்த்துங்க."

தங்கையின் கை வயரிலேயே இருந்தது. அதை அவள் அப்போதுதான் கவனித்தாள். சுடுகிற பாத்திரத்தை விடுகிற மாதிரி விட்டாள்.

பிடுங்கினால் அண்ணன் அவமானப்படுவான், நாற்பது வண்டியும் பிழைக்கும். ஆனால் இந்தப் பெயின்டர் இந்த நிமிடம் மூச்சுக்குத் திணறுகிறான். அவள் நாற்காலியை விட்டுக் கீழே இறங்கி, தரையில் உட்கார்ந்து, பெட்டியைச் சுற்றி இரண்டு காலையும் போட்டுக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரர் காபியோடு எட்டிப் பார்த்தார்.

"கிட்ட வராதீங்க!" என்று கத்தினாள். அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

"அஞ்சு நிமிஷம் ஆச்சு டாக்டர். விசில் சத்தம் குறையலை. உதடு நீலமா ஆகுது."

"ரெண்டாவது ஊசி எடுங்க. அதே..."

வண்டி சுரங்கப் பாதைக்குள் இறங்கியது. டி.வி.யில் படம் உறைந்தது. பெயின்டரின் வீங்கிய முகம், அண்ணியின் பாதிக் கை. டாக்டரம்மா வாயைத் திறந்தபடி நின்றார். தங்கையின் திரையில் எண்வரிசை அழிந்தது. அந்த இடம் காலியாக இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. வா, வா, வந்துவிடு என்று வாய்விட்டுச் சொன்னாள்.

புது எண்வரிசை வந்தது. ரகசிய அடையாளம் சரி என்று ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது.

"...டாக்டர்? அதே அளவா? கேக்குதா?"

"கேக்குது. அதே அளவு. இன்னொரு தொடையில போடுங்க. இப்பவே."

இரண்டு நிமிடம் போனது. விசில் சத்தம் மெல்லிதாகி, பிறகு நின்றது. பெயின்டர் கையைத் தூக்கித் தன் முகத்தைத் தடவிப் பார்த்தான்.

"பிரஷ் எங்க?" என்று கேட்டான். அண்ணி சிரித்துவிட்டாள். கண்ணில் நீரோடு சிரித்தாள்.

தங்கை தரையில் உட்கார்ந்தபடியே தேம்பினாள். ஒரு வருடமாக எல்லோரும் வேண்டாத வேலை என்று சொன்ன வேலை, ஒரு மனிதனைக் கரை சேர்த்துவிட்டது. அந்தச் சந்தோஷம் சரியாக அரை நிமிடம் நீடித்தது.

ஏனென்றால் அண்ணன் எழுந்துவிட்டான்.

*

டி.வி.யின் சத்தத்தை ரிமோட்டால் அணைத்துவிட்டு, மைக்கைக் கையில் எடுத்தான்.

"மேடம், நான் இதுக்கு மேல ஒரு வார்த்தை பேச வேணாம்," என்று தொடங்கி, பேசினான். ஒரு உயிர். ஒரு குரல். தொழில்நுட்பம் என்பது மனிதநேயம். இந்த நிகழ்ச்சியை நாங்க திட்டமிடலை மேடம், ஆனா எங்க சர்வர் எதுக்கும் தயாரா இருந்துச்சு. நடுவில் குரல்கூடத் தழுதழுத்தது. ஊசி போட்டவள் யார், வழி சொன்னவர் யார், பெட்டி யாருடையது, எதுவும் அதில் வரவில்லை. வேற வண்டியை அனுப்பு என்று பதறிய வாய் அது என்பதை அந்த அறையில் எல்லோரும் பத்து நிமிடத்தில் மறந்து போனார்கள். அதிகாரிகளில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொருவர் ஒப்பந்தத்தை டாக்டரம்மா பக்கம் நகர்த்தினார்.

தங்கை தன் குரலைத் திறந்துவிட்டாள்.

"டாக்டர், கையெழுத்துப் போடாதீங்க! டாக்டர்!"

டி.வி.யின் சத்தம் அணைந்தது அணைந்ததுதான். அறையில் யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் அண்ணியின் காதில் இயர்போன் இருந்தது. அவள் அவசரப் பிரிவு வாசலில், பெயின்டரை உள்ளே ஒப்படைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?"

"போடப் போறாங்க அண்ணி. நான் இப்ப பிடுங்கியும் பிரயோஜனம் இல்லை. பார்த்துட்டாங்க. எல்லாம் பார்த்துட்டாங்க. நல்லா வேலை செய்யுதுன்னு நினைச்சுட்டாங்க."

"எந்த மாடி?"

"ரெண்டு."

அண்ணி லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. அழைப்பை வைக்கவும் இல்லை. படியேறுகிற மூச்சுச் சத்தத்தைத் தங்கை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கதவு திறந்தது. யூனிபார்மில் நீலப் பெயின்ட் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. டாக்டரம்மா பேனாவோடு நிமிர்ந்தார்.

"நல்லா பண்ணீங்க சிஸ்டர்," என்றார்.

"நன்றி டாக்டர். கையெழுத்துப் போடாதீங்க."

அண்ணன் மைக்கை இறக்கினான்.

"என் போன்ல ஓடுனது இவங்க விக்கற சரக்கு இல்லை," என்றாள் அண்ணி. "ஒரு பொண்ணு தன் மேசைக்குக் கீழே வச்சிருக்கற பொட்டி. மூணு அழைப்புக்கு மேல அது தாங்காது. மத்த வண்டியெல்லாம் போகப்போறது பெரிய சர்வருக்கு. அங்க போன் இடம் மாறினா உடனே அறுத்துடும். இன்னைக்கு நான் அந்த சர்வர்ல இருந்திருந்தா, அந்த ஆள் சுரங்கப் பாதையில செத்திருப்பான்."

"டெக்னிக்கல் விஷயம் மேடம்," என்று அண்ணன் குறுக்கே பாய்ந்தான். "இவங்களுக்கு... நர்ஸ்தானே... புரியாம ஏதோ..."

டாக்டரம்மா அவனைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் கையை நீட்டினார்.

"பதினொண்ணாம் நம்பர் வண்டி வாசல்ல நிக்குது. அதுலயும் நேத்தே உங்க ஆப்பைப் போட்டாங்க, இல்லையா? கூப்பிடுங்க."

டி.வி.யின் சத்தத்தைத் திறந்துவிட்டுக் கூப்பிட்டார்கள். டி.வி.யில் பதினொன்றாம் வண்டி நர்ஸ் வந்தாள். கொட்டாவியை அடக்கிக்கொண்டு வணக்கம் சொன்னாள்.

"வண்டியை எடுக்கச் சொல்லும்மா. கேட்டுக்கு வெளிய போங்க. பேசிட்டே போங்க."

"என்ன பேசறது டாக்டர்?"

"ஒண்ணு ரெண்டு எண்ணு."

நர்ஸ் எண்ணினாள். பத்து, பதினைந்து, இருபது. அண்ணனின் நெற்றியில் வியர்வை கோடாக இறங்கியது. இருபத்தாறு என்று அவள் சொல்லும்போது வண்டி கேட்டைத் தாண்டியது. டி.வி. கறுப்பானது. நடுவில் அழகான எழுத்தில் ஒரு வரி வந்தது: ‘உங்கள் பாதுகாப்புக்காக இந்த அழைப்பு துண்டிக்கப்பட்டது.’

அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டரம்மா பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். அந்தச் சின்னச் சத்தம் அண்ணியின் போன் வழியாகத் தங்கைக்கு இங்கே ஆபீசில் கேட்டது.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அண்ணனைக் கேட்டார்.

"எனக்கா? இல்லை மேடம். எனக்கே அதிர்ச்சியா இருக்கு. செய்யற பக்கத்துல யாரோ தப்புப் பண்ணியிருக்காங்க. விசாரிச்சு, கண்டிப்பா அந்தப் பொண்ணு மேல நடவடிக்கை எடுக்கறேன்."

தங்கை தரையில் உட்கார்ந்து அதைக் கேட்டாள். கூடப் பிறந்தவன் குரல்தான். சந்தேகமே இல்லை.

"உங்களுக்கே தெரியாத விஷயம், எங்க வண்டியில போற நர்சுக்கு எப்படித் தெரிஞ்சுது?" டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்களும் நானும் நினைப்போம். அவன் யோசித்தான். என் மனைவி என்று சொன்னால், அவளுக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்று ஆகிவிடும். தெரிந்தே விற்க வந்தான் என்று ஆகிவிடும். யாரோ ஒரு நர்ஸ் என்றால் தப்பிக்க இன்னும் ஒரு சந்து இருக்கிறது. பதினோரு வருடக் குடும்பத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தான். மூன்று விநாடிகூட ஆகவில்லை.

"இல்லை மேடம்," என்றான். "முன்னே பின்னே பார்த்ததே இல்லை."

அண்ணி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். திருத்திக்கொள்வான் என்று நினைத்தாள். வெட்கக்கேடு என்னவென்றால், அந்த நேரத்திலும் அவள் அப்படி நினைத்தாள். அவன் மேசையிலிருந்த காகிதங்களை எடுத்து அடுக்கத் தொடங்கினான்.

"சரிங்க சார்," என்றாள் அண்ணி.

காதிலிருந்த இயர்போனைக் கழற்றினாள். போனை முகத்துக்கு நேரே பிடித்தாள். அழைப்பு இன்னும் அறுந்துபோகாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அண்ணி." தங்கையின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"சாயங்காலம் வீட்டுக்குப் போனா என் துணிமணியை மட்டும் ஒரு பையில எடுத்துட்டு வந்துடு. முன்னே பின்னே பார்க்காத ஆம்பளை இருக்கற வீட்டுக்கு நான் எப்படிப் போறது?"